ஏட்டில் பெயர் இருக்கிறது, மண்ணில் ஆள் இருக்கிறார்

கேட்கப்பட்ட கேள்வி இது: “சிகாகோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் நடந்துபோன வழியில் ஒரு சின்னப் பூங்கா. கல்லறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த வட்டாரத்து மண்ணுக்குள் 38,000 பேர் இருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். பழைய ஏழைவிடுதியின் இடுகாடாம். இத்தனை பேரை ஓர் ஊர் எப்படி மறந்தது? யாரென்றே தெரியாதவர்களை இப்போது எப்படி நினைவுகூர்வது?”

நீங்கள் பார்த்தது ரீட்-டன்னிங் நினைவுப் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும். ‘யாரென்றே தெரியாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் முதலில் திருத்திவிடுகிறேன். அவர்களில் மிகப் பலரை ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பெயர், வயது, பிறந்த நாடு, எந்த நோயில் போனார் என்பதையெல்லாம் யாரோ ஒரு எழுத்தர் மை தொட்டு எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பெயர் இந்தக் குழிக்கு உரியது என்ற முடிச்சுதான் அவிழ்ந்துபோனது. டன்னிங்கில் நடந்ததும் அதுதான், மற்ற ஏழைவிடுதி இடுகாடுகள் பலவற்றில் நடந்ததும் அதுதான். பழைய மரணப் பதிவேடுகளின் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் தன்னார்வ வேலையை ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதனால் இந்த முடிச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

ஏழைவிடுதி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782-இல், போரும் பஞ்சமும் சேர்ந்து தாக்கிய காலத்தில், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வந்த பெயர் அது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த ஏழைவிடுதி இதற்குத் தூரத்து உறவுதான், ஆனால் உள்ளே போனவர் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற இடமாக அது இருக்கவில்லை. வேலை செய்ய முடியாத முதியவர், கணவன் கைவிட்ட கர்ப்பிணி, மனம் பிறழ்ந்தவர், கப்பலில் வந்து இறங்கிச் சொந்தமென்று யாரும் இல்லாமல் காய்ச்சலில் விழுந்தவர், பெற்றோர் இறந்த குழந்தை என்று எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு வழியே இல்லாதவர் மட்டும் வந்து கதவைத் தட்டும்படி விடுதி வாழ்க்கையைக் கடுமையாக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்தது. அமெரிக்காவில் பெரும்பாலும் கவுன்ட்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், நிர்வாகம் ஒரு பண்ணையை வாங்கும். உடம்பில் தெம்பு இருப்பவர்கள் அதில் உழுவார்கள். பண்ணையின் ஓர் ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், இறந்தவர்களைப் புதைப்பார்கள்.

அப்படிப் புதைக்கப்படுவது அந்தக் காலத்து ஏழைகளுக்குச் சாவைவிடப் பெரிய பயம். அதற்குக் காரணமும் உண்டு. 1832-இல் பிரிட்டனில் வந்த உடற்கூறுச் சட்டத்தின்படி, ஏழைவிடுதியில் இறந்தவரின் உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால் அது மருத்துவக் கல்லூரியின் அறுவை மேசைக்குப் போகலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இதே வகைச் சட்டங்கள் இருந்தன. ‘கேட்டு யாரும் வராத’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உறவு இருந்திருக்கலாம். செய்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். செய்தி கிடைத்தும் வண்டி வாடகைக்கும் குழிக் கூலிக்கும் கையில் காசில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கலாம். பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்தான்.

டன்னிங்குக்கு வருகிறேன். குக் கவுன்ட்டி நிர்வாகம் 1851-இல் சிகாகோவுக்கு வெளியே, ஜெஃபர்சன் என்ற புறநகர்ப் பகுதியில், 160 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி ஏழைவிடுதியை அமைத்தது. சில ஆண்டுகளில் அங்கே இடுகாடும் வந்தது. 1870-இல் மனநலக் காப்பகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. 1882-இல் ரயில் பாதை காப்பகம் வரைக்கும் நீண்டது. அருகில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரைத்தான் ரயில் நிலையத்துக்கு வைத்தார்கள், அது காப்பகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு சிகாகோவில் அடம்பிடிக்கும் பிள்ளைகளை மிரட்ட, “ஒழுங்கா இல்லேன்னா டன்னிங்குக்கு அனுப்பிடுவேன்” என்பது வழக்கமாயிற்று. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதே பாடுதான். ஓர் இடத்தின் பெயரையே வசையாக்கிவிட்டால், அங்கே இறந்த பாட்டியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் யார் சொல்வார்கள்? இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளும்போதே மறதி தொடங்கிவிடுகிறது.

அந்த மண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். விடுதியிலும் காப்பகத்திலும் இறந்தவர்கள் மட்டுமல்ல. நகரத்து மருத்துவமனையில் இறந்து யாரும் வாங்கிப்போகாத உடல்கள், பச்சிளம் குழந்தைகள், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுப் பின்னால் வறுமையில் விழுந்த சிப்பாய்கள், 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது கருகிப்போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்களை மணந்து கொலை செய்ததற்காக 1906-இல் தூக்கிலிடப்பட்ட யோஹான் ஹோக் என்பவனும் அங்கேதான் இருக்கிறான். வேறெந்தக் கல்லறைத் தோட்டமும் அவனை ஏற்றுக்கொள்ளாததால் இங்கே கொண்டுவந்தார்கள். அவனைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் 38,000 பேரில் செய்தித்தாளில் விரிவாக இடம்பிடித்தவன் அவன்தான். அவனுக்குப் பக்கத்தில் கிடத்தப்பட்ட துணி வெளுக்கும் பெண்ணுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 1889-இல் ஜெஃபர்சன் பகுதி சிகாகோ நகரத்தோடு இணைந்தது. 1910-ஐ ஒட்டி ஏழைவிடுதி ஓக் ஃபாரஸ்ட் என்ற வேறு இடத்துக்குப் போனது. 1912-இல் காப்பகம் கவுன்ட்டியின் கையிலிருந்து மாநில அரசின் கைக்கு மாறியது. நிலம் கைமாறியது, கட்டடம் கைமாறியது. இடுகாட்டின் எல்லை எதுவரை என்ற அறிவு மட்டும் யார் கைக்கும் போகவில்லை. மர அடையாளங்கள் மட்கின. புல் வளர்ந்தது, பிறகு புல்லை வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் மாநில அரசு நிலத்தின் பகுதிகளை விற்றபோது, வாங்கியவர்களுக்கு அது வெறும் காலிமனை.

1989-இல் வீடுகள் கட்டத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அவற்றோடு, நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு மனிதரின் உடற்பகுதி, மீசை கலையாத அளவுக்குக் கெடாமல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வேலையை நிறுத்தித் தொல்லியலாளர்களை அழைத்தார்கள். சிகாகோ வம்சாவளி ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த பாரி ஃப்ளைக் என்பவர் பழைய வரைபடங்களையும் கவுன்ட்டி ஆவணங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். இடுகாடு ஒன்றல்ல, அந்தப் பண்ணைக்குள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடங்களில் புதைத்திருக்கிறார்கள் என்பதை நிறுவியவர் அவர். 38,000 என்ற மதிப்பீடும் அவருடைய உழைப்பிலிருந்து வந்ததுதான். கிடைத்த பெயர்களைப் பட்டியலிட்டு எல்லோரும் தேடும்படி வெளியிட்டார். இடுகாட்டின் ஒரு பகுதியைக் கட்டடத்திலிருந்து காத்து நினைவுப் பூங்காவாக்கினார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான். அங்கே வட்டமான கான்கிரீட் திட்டுகள் இருக்கும்: குழந்தைகளுக்கு ஒன்று, தீயில் இறந்தவர்களுக்கு ஒன்று, சிப்பாய்களுக்கு ஒன்று என்று. ஆளுக்கு ஒரு கல் இல்லை, வகைக்கு ஒரு வட்டம். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் வகைவகையாகப் பிரிப்பது விடுதிக்காரர்களும் செய்த வேலைதானே என்று எனக்கு உறுத்தும்.

டன்னிங்கில் முடிச்சு அவிழ்ந்ததில் தீக்கும் பங்கு உண்டு. 1871-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் குக் கவுன்ட்டியின் பிறப்பு, இறப்பு ஆவணங்கள் எரிந்துபோயின. ஆகவே முதல் இருபது ஆண்டுகளில் புதைக்கப்பட்டவர்களுக்குக் காகிதச் சாட்சியும் இல்லை. அதற்குப் பின் வந்தவர்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1870-களில் இருந்து மரணச் சான்றிதழ்களும் பிணவிசாரணைப் பதிவுகளும் உண்டு. 1880-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு தனிப் படிவமே வைத்திருந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், குறைபாடுடையோர், சார்ந்து வாழ்வோர், குற்றமிழைத்தோர் ஆகிய வகுப்பினர். விடுதிகளில் இருந்த ஏழைகளைப் பெயர் பெயராக அதில் எழுதினார்கள். ஏன் இங்கே வந்தார், உடல் தெம்பு உள்ளவரா என்றெல்லாம் கேள்விகள். அவமானப்படுத்தும் தலைப்பின் கீழ்தான், ஆனால் பெயர் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அவர்களுடைய மூதாதையைப் பற்றி மிஞ்சிய கடைசிச் சாட்சி அந்த ஒரு வரி.

அமெரிக்கா முழுவதும் இந்த இடுகாடுகள் அனாதையானதற்கு இன்னொரு காரணம், ஒரு நல்ல சட்டம். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியவர்களுக்கு உதவித்தொகைக்கு வழிசெய்தது. அரசு விடுதிகளில் வாழ்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது என்றும் வகுத்தது. முதியவர்கள் வெளியே வந்தார்கள், ஏழைவிடுதிகள் காலியாயின. சில முதியோர் மருத்துவ இல்லங்களாக மாறின, சில இடிக்கப்பட்டன. தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் என்றால் சபை இருக்கும், பராமரிப்புக்கு ஆள் இருக்கும். ஏழைவிடுதியின் இடுகாட்டுக்கு விடுதியே சபை, விடுதியே வெட்டியான். விடுதி போனதும் கேட்பாரில்லை.

இந்த முடிச்சைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிகாகோவுக்கு வடக்கே இருக்கும் மில்வாக்கி. அங்கேயும் கவுன்ட்டிக்கு ஏழைப் பண்ணை இருந்தது, பண்ணைக்குள் நான்கு இடுகாடுகள் இருந்தன. பிற்காலத்தில் அந்த வளாகம் மருத்துவமனைகளால் நிரம்பியது. 1991, 1992-இல் கட்டட வேலைக்காக ஓர் இடுகாட்டைத் தோண்டியபோது 1,649 குழிகளைத் திறந்து எலும்புகளை எடுத்தார்கள். 2013-இல் மீண்டும் நூற்றுக்கணக்கில். இப்போது அந்த எலும்புகள் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

மில்வாக்கியின் அதிர்ஷ்டம், பண்ணையின் புதைப்புப் பதிவேடு பிழைத்திருந்தது. அதில் பெயர் உண்டு, வயது உண்டு, தேதி உண்டு. மண்ணுக்குள்ளோ, சில சவப்பெட்டிகளோடு எண் பொறித்த சிறு உலோகத் தகடுகள் கிடைத்தன. எண்ணை ஏட்டோடு ஒட்டிப் பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவார் என்றுதானே தோன்றும்? அவ்வளவு சுலபமில்லை. எல்லாப் பெட்டியிலும் தகடு இல்லை. இருந்த எண்களும் தடம் மாறியிருந்தன. ஆகவே தொல்லியலாளர் பட்ரீசியா ரிச்சர்ட்ஸும் அவருடைய குழுவும் வேறு வழிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். எலும்பு சொல்லும் வயது, ஆணா பெண்ணா என்பது, ஆறிய முறிவு, சட்டைப் பொத்தான், மோதிரம், செபமாலை, எந்த வரிசையில் எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது என்ற இடக்கணக்கு, பிணவிசாரணை அதிகாரியின் குறிப்பு. இத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ஒரு பெயரைச் சொல்லத் துணிவார்கள். சில பெட்டிகளில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள், ரம்பத்தால் அறுத்த தடத்தோடு இருந்தன. மருத்துவக் கல்லூரி மேசையிலிருந்து திரும்பி வந்தவர்கள். ஏழைகள் எதற்குப் பயந்தார்களோ அது நடந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தடமே சாட்சி.

இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. வாழ்நாள் முழுவதும் விருப்பத்தைக் கேட்காமல் நடத்தப்பட்டவர்களை, இறந்து நூறாண்டு கழித்தும் பெட்டியில் எண் ஒட்டி ஆய்வுக்கூடத்து அலமாரியில் வைப்பது சரியா? பெயரைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை என்பதால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வு முடிந்ததும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அயர்லாந்தில் கில்கென்னி ஊரில் அப்படித்தான் செய்தார்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அங்கிருந்த ஏழைவிடுதியில் இடுகாட்டில் இடம் போதாமல், 1847 முதல் 1851 வரை விடுதி மதிலுக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். ஊர் அதை முற்றாக மறந்துவிட்டது. 2005-இல் வணிக வளாகம் கட்டப் போனபோதுதான் தெரிந்தது: 63 குழிகள், 970 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். உயிர்ச்சத்து சி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோயின் தடயம் பலருடைய எலும்பில் இருந்தது. அதுவரை அந்தச் சத்தை அவர்களுக்குக் கொடுத்தது உருளைக்கிழங்கு, அது அழுகியதும் கிடைத்தது சோளக்கூழ். 970 பேரில் ஒருவருக்கும் பெயர் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்த நெருக்கடியிலும் பெரும்பாலோரைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் புதைத்திருக்கிறார்கள். பெட்டிகளை மேலும் கீழுமாக அடுக்க வேண்டியிருந்தபோதும் அதை விடவில்லை. ஆய்வு முடிந்து 2010-இல் எல்லோரையும் அதே இடத்தருகே நினைவுத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

நியூயார்க்கின் ஹார்ட் தீவு வேறு வகை. அங்கே ஏடும் இருந்தது, குழியும் தெரிந்திருந்தது, உறவினர்கள் உயிரோடு இருந்தார்கள், ஆனால் நடுவில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1868-இல் நகராட்சி அந்தத் தீவை வாங்கியது. அடுத்த ஆண்டு, மருத்துவமனையில் இறந்த லூயிசா வான் ஸ்லைக் என்ற 24 வயது அனாதைப் பெண்ணின் அடக்கத்தோடு பொது இடுகாடு தொடங்கியது. இன்றைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். நீளமான பள்ளம் தோண்டி, பைன் மரப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைப்பார்கள். பெரியவர்கள் என்றால் ஒரு பள்ளத்துக்கு ஏறக்குறைய 150 பேர், குழந்தைகள் என்றால் ஆயிரம். 1985-இல் எய்ட்ஸ் நோயில் இறந்த 17 பேரைக் கொண்டுவந்தபோது, பயத்தில் அவர்களை மற்றவர்களோடு சேர்க்காமல் தீவின் தென்கோடியில் தனித்தனி ஆழக் குழிகளில் புதைத்தார்கள். குழி வெட்டியவர்கள் சிறைக் கைதிகள், 2020 வரைக்கும். சிறைத்துறையின் கையில் தீவு இருந்ததால், பெற்ற தாய்கூட நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது.

பிரசவத்தில் இறந்த குழந்தையை ‘நகராட்சி அடக்கம்’ செய்யலாமா என்று கேட்டபோது, அதன் பொருள் விளங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் குழந்தை எங்கே என்று தேடிய தாய்மார்கள் உண்டு. மெலிண்டா ஹண்ட் என்ற கலைஞர் 1991-இல் அந்தத் தீவைப் படமெடுக்கப் போனவர், பின்னர் அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே புதைப்புப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, பெயர்களை இணையத்தில் ஏற்றி, எந்தப் பள்ளத்தில் யார் என்று வரைபடத்தோடு பொருத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கடிகாரம் ஓடும். அறிந்தவர் யாராவது வந்து அந்த மனிதரைப் பற்றி ஒரு கதை எழுதினால் கடிகாரம் நின்றுவிடும். எத்தனை ஆண்டு, எத்தனை நாள் அவர் பெயர் தெரியாதவராக இருந்தார் என்ற கணக்கு அங்கே நிற்கும். இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னத்தை நான் கண்டதில்லை. ஒரு வழக்கும் 2015-இல் ஏற்பட்ட சமரசமும் உறவினர்கள் குழியருகே போக வழி திறந்தன. 2021-இல் தீவு சிறைத்துறையிடமிருந்து பூங்காத் துறைக்கு மாறியது. அந்தத் தீவில் 1907-இல் வைத்த ஒரு சிலுவையில், அவர் தம்முடையவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற வேதவாக்கியம் பொறித்திருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அந்த வாக்கியம் பெயரில்லாத பள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பெயர் தெரிந்தும் சொல்ல மறுத்த இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநலக் காப்பகம். கவுன்ட்டி ஏழைவிடுதிகளில் மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருந்த கொடுமையை ஓர் ஆய்வு வெளிக்கொண்டுவந்த பிறகு, அதற்கு மாற்றாக 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கியது அது. 1869-இல் அங்கே வந்த முதல் நோயாளியான மேரி ரோட் என்ற பெண்ணை ஏழைவிடுதியிலிருந்து விலங்கோடுதான் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். வில்லர்ட் இடுகாட்டில் 5,776 பேர் இருக்கிறார்கள். குழிகளுக்கு எண் மட்டும்தான். அந்த எண் பலகைகளையும் புல் வெட்ட இடைஞ்சல் என்று பின்னாளில் அகற்றிவிட்டார்கள். பெயர்களைக் கேட்டவர்களுக்கு, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் தடுக்கிறது என்று மாநிலம் பதில் சொன்னது. எனக்கு இதை ஏற்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அந்தரங்கம் என்று ஒன்றைத் தராதவர்கள், எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு அதைக் காப்பதாகச் சொல்கிறார்கள். மனநோய் இன்னும் அவமானம்தான் என்ற நம்பிக்கையை அல்லவா அந்தச் சட்டம் காக்கிறது?

அங்கே லாரன்ஸ் மோச்சா என்றொரு நோயாளி இருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பகங்களில் வாழ்ந்தவர். வில்லர்டின் வெட்டியான் அவர்தான். கூலியில்லாமல், ஏறக்குறைய 1,500 குழிகளை ஓரங்கள் நேராக, மூலைகள் சரியாக வெட்டினார். 1968-இல், 90 வயதில் இறந்தபோது அவரையும் பெயரில்லாமல் அங்கேயே புதைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விடாமல் போராடி, உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்து ஒப்புதல் வாங்கி, 2015-இல் அவர் பெயரில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். மினசோட்டா மாநிலத்தில் வழி வேறு. அங்கே மாற்றுத்திறனாளிகளே முன்னின்று 1994-இல் இயக்கம் தொடங்கினார்கள். அரசு விடுதிகளின் இடுகாடுகளில் எண் மட்டும் இருந்த, அல்லது அதுவும் இல்லாத சுமார் 13,000 குழிகளுக்குப் பெயர்க்கல் வைப்பது அவர்கள் இலக்கு. வெறும் எண்ணுக்குப் பதில் பெயரும் தேதியும் பொறித்த கற்களை ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார்கள். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நினைவுகூர்வது எப்படி என்று கேட்டீர்கள். பூ வைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை இருக்கிறது. மகன் வீட்டில் இருக்கும்போது 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டன்னிங் விடுதியின் தாள்களை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். அயர்லாந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், ஸ்வீடன்காரர்கள். அவர்கள் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தரால் உருமாறிப்போன பெயர்கள். ஒரே பெண்ணின் பெயர் கணக்கெடுப்பில் ஒரு மாதிரியும் மரணச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று வயதையும் ஊரையும் வைத்துப் பொருத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு முடிச்சு விழுகிறது. இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கையெழுத்தைப் படிக்கும் பொறுமை போதும்.

நிலத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். பழைய இடுகாட்டில் சவப்பெட்டி மட்கியதும் மண் உள்வாங்கும். சாயும் வெயிலில் வரிசை வரிசையாக ஓர் ஆளின் நீளத்துக்குப் பள்ளங்கள் தெரியும். அமெரிக்காவில் கல்லறைகளின் மேல் வின்கா என்ற நீலப்பூக் கொடியை நடுவது வழக்கம். காட்டுக்குள் திடீரென்று அந்தக் கொடி படர்ந்திருந்தால், அங்கே இடுகாடு இருக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் நின்று பார்ப்பார்கள். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று சொல்கிற நித்தியகல்யாணிக்கு அது நெருங்கிய உறவுச் செடி என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நிலத்துக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் கருவியாலும், தோண்டாமலேயே, மண் எங்கே ஒரு முறை வெட்டி மூடப்பட்டது என்று அறிய முடியும். கட்டடம் வருமுன் இவற்றைச் செய்யச் சொல்லி நகரமன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும், 1989-இல் டன்னிங்கில் நடந்தது இன்னொரு ஊரில் நடக்காது.

எவ்வளவு தேடினாலும் பெயர் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். நான் தட்டச்சு செய்யும் பதிவேடுகளிலும் அப்படிப்பட்ட வரிகள் வரும். பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: பெயர் இல்லையே என்று அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எழுத்தர் எதை எழுதினாரோ அதை அப்படியே ஏற்ற வேண்டும். ஆகவே ஏற்றுகிறோம். ஆண், சுமார் 40 வயது, ஆற்றில் கிடைத்தவர். பெண் குழந்தை, ஒரு நாள்.